நாற்காலியும் தேவைதான்

எல்லா நூலும் செல்போனிலேயே கிடைக்கும்போது பல்கலைக்கழக நூலகத்துக்கு இவ்வளவு பெரிய இடம் எதற்கு என்று கேட்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஹாஸ்டலில் ஒரே அறையில் நாலு பேராக இருந்தவள் நான். எம்.எஸ்சி. படித்த இரண்டு வருடமும் நூலகத்தின் ஜன்னலோர மேசைதான் எனக்கு வீடு. அரியர் விழுந்த செமஸ்டரில் புத்தகத்தைத் திறக்காமல் அங்கே சும்மா உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. யாரும் ஏனென்று கேட்கவில்லை, அதுவே பெரிய ஆறுதல்.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்! கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்னமும் பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். சாயங்காலமே பூட்டாமல், குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் கொடுத்து, இரவு ஒன்பது மணி வரையாவது திறந்து வையுங்கள்.