ஆறு நிமிட நடை மட்டும் போதுமா?
டுஷேன் தசைச்சிதைவு (தசைகள் படிப்படியாகப் பலமிழக்கும் மரபணு நோய்) உள்ள பிள்ளைகளின் நிலையை, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளக்கும் நடைச் சோதனையிலேயே தெரிந்துகொள்ளலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் அந்தத் தூரம் ஏமாற்றும். நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மகனுக்கு ஆறு வயதில் தூரம் கூடியது. மாமியார் சோமேஸ்வரர் கோயிலில் தேங்காயே உடைத்துவிட்டார். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்: ஏறக்குறைய ஏழு வயது வரை பிள்ளை வளர்வதால் நடையும் கூடலாம், நோய் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை.

இந்த நோயுள்ள, நடக்க முடிகிற பிள்ளைகளின் இயக்கத் திறனை அளக்கும் நார்த் ஸ்டார் மதிப்பீட்டைக் கட்டுரை தொடவே இல்லை. அதில் 17 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 34 மதிப்பெண். தரையிலிருந்து எழவும் 10 மீட்டர் ஓடவும் ஆகும் நொடிகளையும் குறிப்பார்கள். நோய் முற்றுவதை எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அந்த நொடிகள்தான். தொடையில் கையை ஊன்றி எழ ஆரம்பித்தான், தூரம் அப்போதும் குறையவில்லை.

ஒருமுறை நெரிசலான வராந்தாவில் நடக்கவிட்டார்கள். ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டே பாதி நேரம் போயிற்று. அந்த எண்ணை நான் நோட்டில் ஏற்றவே இல்லை. இப்போது மாதம் ஒருமுறை வீட்டில், அதே இடத்தில், செருப்பில்லாமல் அவன் எழுவதைப் போனில் எடுத்து வைக்கிறேன். அவனுக்கு அது 'ஷூட்டிங்'. தலை சீவாமல் வரமாட்டான்.