55 டெசிபல் பைக்குக்கான வரம்பு அல்ல

குடியிருப்புப் பகுதியில் பைக் சத்தம் 55 டெசிபலைத் தாண்டினாலே அபராதம் என்கிறது ஒரு கட்டுரை. தவறு. அந்த 55 (இரவு 10 முதல் காலை 6 வரை 45), 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் ஒரு பகுதியின் சராசரி ஒலிக்கு வைத்த வரம்பு. வண்டிக்குத் தனிக் கணக்கு: 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. அதுவும் தயாரிப்பு நிலையில், 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. சைலன்சர் பக்கத்தில் போனை நீட்டி எடுத்த அளவை இதோடு ஒப்பிடவே முடியாது.

சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் தடுப்புத் தகட்டையும் கண்ணாடிப் பஞ்சையும் பிடுங்கிவிடுவதால்தான் பைக்கின் அலறல். ஆகவே அப்படிப்பட்ட வண்டி மீதான புகாரில் டெசிபல் வேண்டாம். வண்டி எண், இடம், நேரம், சைலன்சர் தெரியும் வீடியோ போதும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இல் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, 3 மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும்.