வாயில் பஞ்சு, முழங்கால் வரை தண்ணீர்

"மழையா? சும்மா ஒரு மணி நேரம் பெய்யும், விட்டுடும். நீங்க கவலையே படாதீங்க."

வெளிநாட்டில் பல் வைத்தியம் செய்துகொள்ள எனக்கு மழைக்காலப் பேக்கேஜ் விற்றவர்கள் இந்த வரியை என்னிடம் மூன்று தடவை சொன்னார்கள். பணம் கட்டும் முன் ஒன்று. டிக்கெட் போட்ட பிறகு ஒன்று. கிளினிக் வாசலில், நடைபாதை எது சாலை எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர் ஓட, பாதி முகம் மரத்துப்போய் நான் நின்றபோது போனில் மூன்றாவது. அப்போது வந்த ஆத்திரம் இரண்டு மாதமாகியும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த நாடு, எந்த கிளினிக் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஊரைத் திட்டுவதில்தான் போய் முடியும். டாக்டர் கெட்டிக்காரர், வேலையும் நல்ல வேலை. மழை மேலும் எனக்குக் கோபம் இல்லை, மழைக்காலத்தில் மழை பெய்யத்தான் செய்யும். அந்த மழையைத் தள்ளுபடி என்று பெயர் மாற்றி நோயாளியின் தலையில் கட்டுகிறார்களே, அவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம்.

"மழைக்காலம்னு தெரிஞ்சே ஏன் போனே?" என்று இந்நேரம் சிலர் கேட்டிருப்பீர்கள். ஏப்ரலில் கடைவாய்ப்பல் ஒன்று நெடுக்காகப் பிளந்துவிட்டது. பக்கத்தில் இன்னொன்று ஏற்கெனவே இல்லை. இரண்டு பல்லுக்குப் பழைய கேப் ஆட்டம் கண்டிருந்தது. இங்கே கேட்ட தொகை என் கைக்கு எட்டாத தொகை. மருத்துவக் காப்பீடு, பல் என்றதுமே கையை விரித்துவிட்டது. ஒரு பக்கமாகவே மென்று மென்று தாடை வலி வந்தபிறகுதான் வெளிநாட்டைப் பற்றி யோசித்தேன். ஆசைக்காக யாரும் விமானம் ஏறிப் போய்ப் பல் பிடுங்கிக்கொள்வதில்லை. அவர்கள் முதலில் கொடுத்த தேதி ஜூன். சலுகையும் ஜூனுக்குத்தான்.

இப்படி வைத்தியத்துக்குப் போகிற நாடுகளையே பாருங்கள். தாய்லாந்தில் மே நடுவில் தொடங்கும் மழை அக்டோபர் நடு வரை போகும். கோஸ்டா ரிகாவின் பெரும்பகுதியில் மே முதல் நவம்பர் வரை மழைதான், அதைப் 'பசுமைப் பருவம்' என்று அழகாகச் சொல்லி விற்கிறார்கள். ஊர் சுற்ற வருகிறவருக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை. இன்று பெய்தால் நாளை போகலாம், நாளையும் பெய்தால் அறையில் படுத்துத் தூங்கலாம். பல் வைத்தியத்துக்குப் போகிறவனுக்கு 'நாளை' என்ற ஒன்றே கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழியில் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். அதுதான் எலும்புக்கு மூடி. அது கலைந்துபோனால் எலும்பு வெளியே தெரியும், மூன்றாம் நாள் வாக்கில் காது வரை வலி இழுக்கும். டிரை சாக்கெட் என்பார்கள், பட்டவர்களுக்குத் தெரியும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த்தான் இறங்கும். தையலை ஏழு முதல் பத்து நாளுக்குள் பிரிக்க வேண்டும். கேப்புக்கு அளவெடுத்து லேபுக்கு அனுப்பினால் அது திரும்பி வர நாள் ஆகும், வந்த பிறகு போட்டுப் பார்த்து, கடித்துப் பார்த்து, தேய்த்துச் சரிசெய்ய இன்னொரு நாள். இதையெல்லாம் பதினொரு நாள் பேக்கேஜுக்குள் அடைத்து என்னிடம் விற்றார்கள். அதில் ஒரு நாள்கூட உபரி இல்லை. மழை சீசனுக்கென்று ஒரு பேக்கேஜ் போடுகிறவர்கள், மழைக்கென்று ஒரு நாள் விட்டுவைக்க வேண்டாமா?

இரண்டாம் நாள். பிளந்த பல்லை எடுத்தார்கள், பக்கத்துக் காலி இடத்தில் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகி வைக்கும் உலோக வேர், வைத்துத் தையல் போட்டார்கள். மதியம் மூன்று மணி. இதையும் கவனியுங்கள், வெப்பமண்டலத்தில் பல இடங்களில் மழை மதியத்துக்கு மேல்தான் கொட்டும். அங்கேயே இருக்கிற ஆட்களுக்கு இது தெரியாதா? சிகிச்சையைக் காலையில் வைத்திருந்தால் ஒரு மணிக்குள் அறைக்குப் போய்ப் படுத்திருப்பேன். காலை நேரமெல்லாம் 'நிறைந்துவிட்டது'.

வெளியே வந்தபோது தண்ணீர் முழங்கால் வரை. வாயில் பஞ்சை அழுத்திக் கடித்திருக்கிறேன், அரை மணி நேரம் எடுக்கக் கூடாது. எச்சில் துப்பக் கூடாது, துப்பினால் உறைந்த ரத்தம் கிளம்பி வந்துவிடும். விழுங்கினால் இரும்பு ருசி. கையில் கொடுத்த அறிவுரைத் தாள் நனைந்து, 'செய்யக் கூடாதவை' என்ற பாதியில் மை கரைந்து நீலமாக ஓடுகிறது. வண்டி கூப்பிடலாம் என்றால் ஈரவிரலுக்குப் போன் திரை நகரவே மாட்டேன் என்கிறது. ஒருவழியாக ஒரு டிரைவர் கூப்பிட்டு எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். மரத்த உதட்டோடு, பஞ்சைக் கடித்துக்கொண்டு, நான் என்ன சொல்ல? "ம்... ம்..." என்கிறேன். அவர் வைத்துவிட்டார். அப்போதுதான் பேக்கேஜ் விற்றவர்களின் ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். அந்த ஒரு மணி நேர மழைக் கதையை மறுபடி கேட்டேன். மழை நாலே முக்காலுக்கு விட்டது. தண்ணீர் வடிய இரவு எட்டானது. உடம்பு ஓய்வில் இருக்க வேண்டும், தலையை உயர்த்திப் படுக்க வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்த அத்தனை மணி நேரமும் நான் நின்றே கழித்தேன்.

அன்றிரவு மின்சாரம் போனது. ஒத்தடத்துக்கு வைத்திருந்த ஐஸ் எல்லாம் உருகித் தண்ணீர். மறுநாள் குழாயில் வந்தது செம்மண் நிறம். இருபத்து நாலு மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்க வேண்டுமாம். எந்தத் தண்ணீரில்? பாட்டில் தண்ணீர் வாங்க நாலு மாடி இறங்கி, தேங்கிய சாக்கடை கலந்த வெள்ளத்தில் நடந்து போனேன். வாய்க்குள் திறந்த புண்ணை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இதெல்லாம் அலைச்சல், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது காய்ச்சல் விஷயம்.

ஆறாம் நாள் காலை குளிர் எடுத்தது. மாலைக்குள் நல்ல காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. கிளினிக்கில் கேட்டால், "சர்ஜரிக்கு அப்புறம் லேசா வரும், கொடுத்த மாத்திரையே போடுங்க." அந்த மாத்திரை ஐபுப்ரோஃபென். பல் பிடுங்கியவருக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான், அதில் தப்பில்லை. ஆனால் மழை தேங்கிய ஊரில், கொசு மொய்க்கிற மாதத்தில், காய்ச்சலோடு இருக்கிறவரிடம் "அதையே போடுங்க" என்று எப்படிச் சொல்ல முடிகிறது? டெங்குவாக இருந்தால் ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் தொடவே கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து. பாராசிட்டமால்தான். இது உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ரகசியம் ஒன்றும் இல்லை. அதுவும் ஈறைக் கிழித்துத் தையல் போட்ட வாய். கொசு கடித்து நாலு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் அங்கே இறங்கி அன்றைக்குச் சரியாக ஆறு நாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவள்தான் கத்தினாள். "டேய், அந்த மாத்திரைய நிறுத்துடா மொதல்ல. ரத்தம் டெஸ்ட் எடு. அப்புறம் பல்லப் பாக்கலாம்." வேறொரு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் காத்திருந்து ரத்தம் கொடுத்தேன். டெங்கு இல்லை என்று வந்தது. அந்தப் பொது மருத்துவர் என் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இந்தப் பருவத்தில் காய்ச்சல் வந்தால் இதை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையா?" யாரும் சொல்லவில்லை. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, காரம் சாப்பிடாதே என்று பதினாலு வரி எழுதின தாளில் அதற்கு ஒரு வரி இடம் இல்லை. என் அக்கா பல் டாக்டர் இல்லை. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அவளுக்குத் தெரிந்தது, மழைக்காலச் சலுகை விற்கிறவர்களுக்குத் தெரியாதா?

அப்புறம் கேப். லேபிலிருந்து வர வேண்டியது வழியில் வெள்ளம் என்று இரண்டு நாள் தள்ளிப்போனது. பத்தாம் நாள் மாலை வந்தது. ஒன்று சரியாக உட்கார்ந்தது, இன்னொன்று உயரமாக இருக்கிறது, கடித்தால் அதுதான் முதலில் முட்டுகிறது. திருப்பி அனுப்ப நேரம் இல்லை. தற்காலிகக் கேப்பையே மறுபடி ஒட்டி, "ஊருக்குப் போய் பார்த்துக்கோங்க, இல்லேன்னா அடுத்த தடவை வரும்போது மாத்திடலாம்" என்றார்கள். டிக்கெட்டை நாலு நாள் தள்ளலாம் என்று பார்த்தால் கட்டண வித்தியாசத்திலேயே மழைச் சலுகை முழுதும் போய், மேலும் கைக்காசு போகிறது. பயணக் காப்பீட்டில் கேட்டேன். திட்டமிட்டுப் போன சிகிச்சை, அதனால் வரும் சிக்கல், எதுவும் சேராது என்று இரண்டு வரியில் பதில். பாலிசியில் அப்படித்தான் இருக்கிறது, படித்துப் பார்த்தேன். வாங்கும்போதே படித்திருக்க வேண்டும், நீங்களாவது படியுங்கள்.

இவ்வளவுக்கும் என் விமானமாவது கிளம்பியது. 2011 அக்டோபரில் வெள்ளம் பாங்காக்கின் டான் முவாங் விமான நிலையத்துக்குள்ளேயே புகுந்து மாதக்கணக்கில் மூடிவிட்டார்கள். அப்போது பாதி வைத்தியத்தில் மாட்டியவர் யாராவது இருந்திருப்பாரா என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

ஊருக்கு வந்த அஞ்சாம் நாள் தற்காலிகக் கேப் கழன்று கையோடு வந்தது. இங்கே மூன்று டாக்டரிடம் போனேன். ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார், "வேற எங்கயோ செஞ்சதுல நான் கை வச்சா, நாளைக்கு ஒண்ணுன்னா என் பேர்லதான் வரும்." அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இம்பிளான்ட் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று கேட்டார், என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியின் திருகுக்கும் கருவி வேறு வேறு, அது தெரியாமல் தொட மாட்டார்கள். அந்த விவரத்தை வாங்க எட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. கிளினிக்கை விட்டு வெளியே வரும்முன் இம்பிளான்டின் பெயர், அளவு, லாட் எண், எக்ஸ்ரே, ஸ்கேன் கோப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கொட்டுகிற மழையில் அதெல்லாம் நினைவுக்கு வராது, எனக்கு வரவில்லை. உத்தரவாதம் அஞ்சு வருஷம் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். நேரில் வந்தால் இலவசமாம். விமானச் செலவு யார் தருவது?

இம்பிளான்டுக்கு இரண்டு பயணம் வேண்டும் என்பதையாவது தேதி போடும்போது உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கலாம். 1965-இல் ஸ்வீடனில் ப்ரோனேமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு டைட்டானியம் வேர் பொருத்திய காலத்திலிருந்து விஷயம் ஒன்றுதான்: எலும்பு அந்த உலோகத்தோடு சேர்ந்து வளர வேண்டும், அதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம். ஜூனில் வைத்தால் செப்டம்பர் முதல் டிசம்பர். அவர்கள் தேதியைச் சீக்கிரம் முடிக்க நினைத்தால் இரண்டாவது பயணமும் மழைக்குள்தான் விழும். நவம்பர் கடைசியில் வைத்து, மார்ச்சில் வந்து பல் பொருத்தினால் இரண்டும் வறண்ட மாதம். ஒரு காலண்டரும் இரண்டு நிமிடமும் போதும். நோயாளியிடம் "கொஞ்சம் பொறுங்க, நவம்பர்ல வாங்க, அதுவரைக்கும் உள்ளூர்ல வலிக்கு மட்டும் பாத்துக்கோங்க" என்று சொல்ல ஒரு வாய் போதும். ஜூனில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்பதற்காக என் தாடையை அதில் உட்கார வைத்தார்கள்.

போன வாரம் செய்தி வந்தது. "இரண்டாம் கட்டத்துக்கு செப்டம்பரில் இடம் இருக்கிறது, பருவச் சலுகை உண்டு." நான் டிசம்பர் கேட்டேன். டிசம்பரில் சலுகை கிடையாது என்றார்கள். சலுகை வேண்டாம், டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கு நேரம் கொடுங்கள், பத்து நாளோடு நாலு நாள் கூடுதலாக நானே தங்கிக்கொள்கிறேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அதுவரை இடது பக்கம் மெல்லுவதில்லை.