தெரேஸ் இன்னும் எவ்வளவு அனுசரிக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை திரையிடலுக்குப் பிறகு நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் கத்தினேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தாவின் 'லெ பொனேர்' (மகிழ்ச்சி) படம் முடிந்ததும் ஒரு நண்பர் மைக்கைப் பிடித்து, "மனைவி மட்டும் கொஞ்சம் அனுசரித்திருந்தால் மூன்று பேருமே சந்தோஷமாக இருந்திருப்பார்கள்" என்றார். அரங்கில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

தெரேஸ் அனுசரிக்கவில்லையா? பாரிஸை ஒட்டிய சிற்றூரில் தச்சு வேலை செய்யும் பிரான்சுவாவின் மனைவி அவள். வீட்டிலேயே தையல் வேலை, இரண்டு சின்னக் குழந்தைகள், சமையல், துணி தேய்ப்பது எல்லாம் அவள்தான். தபால் நிலையத்தில் வேலை செய்யும் எமிலியோடு அவனுக்கு உறவு ஏற்படுகிறது. ஒரு நாள் காட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கும்போது, இப்போது இன்னும் சந்தோஷமாக இருக்கிறேன் என்று தெரேஸிடமே சொல்கிறான். நாம் ஒரு ஆப்பிள் தோப்பு, வேலிக்கு வெளியே இன்னொரு மரமும் பூத்திருக்கிறது, அவ்வளவுதான் என்கிறான். அவள் சண்டை போட்டாளா? அழுது ஊரைக் கூட்டினாளா? கேட்டுக்கொண்டாள். அவனை அணைத்துக்கொண்டாள். அவன் நிம்மதியாகத் தூங்கிப் போனான். எழுந்து தேடும்போது அவள் குளத்தில் பிணமாகக் கிடக்கிறாள். இதற்கு மேலும் அவள் எதை அனுசரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

"அது விபத்துதானே" என்று ஒரு தோழி எழுதியிருந்தார். இருக்கலாம். அவள் ஒரு கிளையைப் பற்றிக்கொள்ளத் தவிக்கும் ஒரு கணத்தை வர்தா காட்டுகிறார், வழுக்கி விழுந்தாளா தானே இறங்கினாளா என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார். எப்படிப் போயிருந்தாலும் அதன் பிறகு நடப்பதுதான் என்னை அடிக்கிறது. கொஞ்ச நாளிலேயே எமிலி அந்த வீட்டுக்கு வந்துவிடுகிறாள். தெரேஸின் கைகள் செய்த வேலைகளை இப்போது எமிலியின் கைகள் செய்கின்றன. அதே மாதிரி அண்மைக் காட்சிகள், பின்னணியில் அதே மோட்சார்ட் இசை. இலையுதிர் காலத்தில் நால்வரும் காட்டுக்குள் நடந்து போகிறார்கள். குடும்பம் எப்போதும் போல அழகாகவே இருக்கிறது. ஒருத்தி செத்துப்போனதால் அந்த அழகில் ஒரு கீறல்கூட விழவில்லை. இதைப் பார்த்துவிட்டுச் 'சுதந்திரக் காதலின் கொண்டாட்டம்' என்று எப்படிப் பேச முடிகிறது? நீங்கள் தெரேஸைப் பார்க்கவே இல்லை.

"பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான், நம் ஒழுக்கத்தை வைத்து அளக்காதீர்கள்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படம் வந்தது 1965-இல். கல்யாணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் வங்கிக் கணக்கு தொடங்கலாம், வேலைக்குப் போகலாம் என்று பிரான்சில் சட்டம் வந்தது அந்த ஆண்டு ஜூலையில்தான். சோரம் போன மனைவிக்குச் சிறை, கணவன் என்றால் அதுவும் காதலியைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தால் மட்டும் அபராதம் என்ற பாகுபாடு 1975 வரை அங்கே சட்டப் புத்தகத்தில் இருந்தது. இந்தச் சுதந்திரம் யாருக்கானது என்று நீங்களே சொல்லுங்கள்.

"வர்தா பிரான்சுவாவைக் கெட்டவனாகக் காட்டவே இல்லையே" என்றும் கேட்கிறீர்கள். ஆமாம், காட்டவில்லை. அவன் குடிகாரன் இல்லை, அடிப்பதில்லை, குழந்தைகளைக் கொஞ்சுகிறான். அவன் நல்லவன்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் பெரியப்பாவும் நல்லவர். பெரியம்மா இறந்தபோது பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்தே பெண் பார்க்கும் பேச்சை எடுத்துவிட்டார்கள். "ஆம்பள தனியா என்ன பண்ணுவான், பிள்ளைங்கள யார் பார்ப்பா" என்றார்கள். புதிதாக வந்த பெரியம்மா மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் எங்களுக்கும் சேர்த்துத்தான் சமைத்துப் போட்டார். ஆனால் முதல் பெரியம்மாவின் போட்டோவைக் கூடத்திலிருந்து கழற்றி உள் அறையில் வைத்தபோது, ஏன் என்று கேட்ட ஒரே ஆள் என் அக்கா. பதினோரு வயசுப் பிள்ளை. "வாயாடி" என்று அவளுக்குத்தான் அடி விழுந்தது. அந்த வீட்டில் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அக்கா மட்டும் அப்புறம் ரொம்ப நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

"இதைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள்" என்று இன்பாக்ஸில் வந்து சொன்னவர்களுக்கு: ஆமாம், சொந்த விஷயம்தான். படத்தில் பிரான்சுவாவாக நடித்த ழான்-க்ளோத் துரூவோவின் மனைவியும் குழந்தைகளும்தான் தெரேஸாகவும் அந்தக் குழந்தைகளாகவும் நடித்திருக்கிறார்கள். நிஜக் குடும்பத்தையே கூட்டிவந்து நிறுத்திய வர்தா, நாம் இதை நம்மிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்பியிருப்பார் என எனக்குத் தோன்றவில்லை.

எமிலியைத் திட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வெளியே காதல் கூடாது என்றும் சொல்லவில்லை, அதைத் தனியாகப் பேசலாம். செத்துப்போனவளைப் பார்த்து அனுசரித்திருக்கலாமே என்று சொல்லும் மனசு எங்கிருந்து வந்தது என்றுதான் அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். குரல் உயர்ந்தது உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.