திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை

ஒருவர், அந்தக் கால அரபிகள் ஒட்டகத் திமிலில் இருந்த தண்ணீரைக் குடித்துத்தான் பாலைவனத்தைக் கடந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். திமிலில் இருப்பது கொழுப்புங்க. கி.பி. 634-இல் முஸ்லிம் படைத் தளபதி காலித் இப்னு அல்-வலீத் ஈராக்கிலிருந்து சிரியாவுக்குப் படையோடு போனபோது, ஒட்டகங்களை வயிறு முட்டக் குடிக்க வைத்து, அசைபோடாதபடி வாயைக் கட்டி, வழியில் அறுத்து வயிற்றுத் தண்ணீரைக் குதிரைகளுக்குக் கொடுத்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அதுவும் வயிறுதான், திமில் இல்லை. போர் அவசரம் வேறு, அன்றாடப் பயணம் வேறு. தினமும் ஒட்டகத்தை அறுத்தால் அப்புறம் எதில் போவது? நாடோடி அரபிகள் நம்பியது ஒட்டகப் பாலைத்தான். மழைக்குப் பிறகு பச்சை மேய்ந்த ஒட்டகம் வாரக்கணக்கில் தண்ணீர் தேடாது, பாலும் கறக்கும், அதைக் குடித்தே ஆட்கள் கிணறில்லாத இடத்திலும் தங்கினார்கள். கோடை வந்ததும் கிணற்றடிக்குத் திரும்பிவிடுவார்கள்.