ஆயா கேட்கிற கேள்வியைப் பேத்தி கேட்பதில்லை

ஏஐ, அதாவது கேட்டதற்குப் பதில் எழுதிக் கொடுக்கிற செயற்கை நுண்ணறிவு, என்று பேச்சு வந்தாலே எங்கள் வேலூர்ப் பக்கத்து வீடுகளில் தீர்ப்பு தயாராக இருக்கிறது: பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் இதை ஏற்கவில்லை. பிள்ளைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தெரியும், அவ்வளவுதான். அது எப்படிப் பதில் சொல்கிறது என்று காட்பாடியில் பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பசங்களிடம் கேட்டுப் பாருங்கள், "கூகுள்ல தேடி எடுத்துக் குடுக்குது" என்பார்கள்.

அடிப்படையில் அது கணக்கில்லாத பக்கங்களைப் படித்துப் பழகி, இந்தச் சொல்லுக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு எழுதுகிற இயந்திரம். தேடும் வசதியை இப்போது சேர்த்திருக்கிறார்கள், சரி, ஆனால் தேடியதைக் கோத்து எழுதுவதும் அதே கணக்குதான். அதனால்தான் தெரியாததையும் தடுமாறாமல் சொல்கிறது. தமிழில், அதிலும் நம்ம ஊர் விஷயத்தில், அதற்குப் படிக்கக் கிடைத்ததே குறைவு.

கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில். 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற பேத்தியோ போனில் வந்ததை அப்படியே எழுதுகிறாள், பக்கத்தில் இருக்கிற ஆயாவை ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆயாதான் கேட்கிறார், "இத யாரும்மா சொன்னது?" ஏஐ பதிலைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், அதைக் கேட்டதற்குத்தான் வீடே சிரிக்கிறது. எனக்குக் கோபமே வருகிறது.

பெரியவர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில், குரலில். சில வினாடிப் பேச்சு கிடைத்தாலே ஏஐயால் ஒருவர் குரலைப் போலியாகச் செய்துவிட முடிகிறது. பட்டாளத்திலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் நம் பக்கம் எவ்வளவு! மகன் குரலில் "அம்மா, அவசரமாப் பணம் வேணும்" என்று வந்தால் எந்த அம்மா யோசிப்பார்?

அப்புறம், இயந்திரத்தை மனுஷனாக நினைப்பது வயசானவர்களின் அறியாமை என்றும் சொல்லாதீர்கள். 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி விஞ்ஞானி எலைசா என்ற கம்ப்யூட்டர் நிரலை வெளியிட்டார், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அவர் அதை உருவாக்கியதைக் கூடவே இருந்து பார்த்த செயலாளரே, கொஞ்சம் வெளியே இருங்கள், நான் இதனோடு தனியாகப் பேசணும் என்றாராம். இன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மனசில் இருப்பதையெல்லாம் ஏஐயிடம் கொட்டுகிறவர்களும் இளவட்டங்கள்தானே.

அதனால் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, முதியோருக்கு ஒரு வகுப்பு என்று பிரிக்காதீர்கள். தாத்தாவையும் பேரனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏஐயிடம் ஊர்க் கதையைக் கேட்டு, அது எங்கே தப்பு விடுகிறது என்று தாத்தா பிடிக்கட்டும். பணம் கேட்டு எந்தக் குரல் வந்தாலும் போனை வைத்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற மகனின் நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்ல வேண்டும் என்று பேரன் பழக்கட்டும். குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா பக்கம் ஞாயிற்றுக்கிழமையில் இதற்கு ஒரு கூடம் தர முடிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், நான் வருகிறேன்.