சக்கேயு சொன்ன கணக்கு

ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் நோன்புக் காலமான தவக்காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். தவக்காலத் தீர்மானங்கள் அதன் முதல் நாளான சாம்பல் புதனோடு நின்றுவிடக் கூடாது என்று அந்தக் கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் ஏன் நின்றுவிடுகின்றன? ‘இன்னும் அன்பாக இருப்பேன்’ என்று முடிவெடுத்தால் அதை யாரிடம், எந்த நாளில் செய்வது?

பைபிளில் லூக்கா நற்செய்தி 19-ஆம் அதிகாரத்தில் வரும் வரி வசூலிப்பவர்களின் தலைவர் சக்கேயுவைப் பாருங்கள். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது இருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருவேன் என்று கணக்காகச் சொல்கிறார். நம் வீடுகள் பலவற்றில் 40 நாளும் கறி கிடையாது. நல்லது. மிச்சமாகும் காசு எங்கே போகிறது? ஈஸ்டர் பிரியாணிக்கு! அதை வாராவாரம் ஒரு கவரில் போட்டு, மருந்துச் செலவுக்குத் திண்டாடும் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாமே.

பைபிளின் எசாயா நூல் 58-ஆம் அதிகாரம் இன்னும் கறாரானது. நோன்பு நாளிலேயே வேலையாட்களை ஒடுக்குவதை அது கண்டிக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பள பாக்கி வைத்துவிட்டு, வெள்ளிதோறும் இயேசுவின் பாடுகளை நினைத்துச் செய்யும் சிலுவைப்பாதை வழிபாட்டின் 14 நிலைகளிலும் முழந்தாளிட்டு என்ன பயன்?

அப்புறம், கட்டுரை சொல்லும் செல்போன் நோன்பு, அதாவது செல்போன் பார்ப்பதைக் குறைப்பது. மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்வது என்றும் கட்டுரையில் எழுதியிருக்கலாம். உங்கள் கோவில் பங்கில் ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால், அவர்கள் ஏழைகளின் வீடுகளுக்குப் போகும்போது கூடவே போய்வரலாம்.